தியரி டெஸ்ட்: ஒன்றில் பாஸ், ஒன்றில் ஃபெயில்

கேள்வி:

அண்ணாவுக்கு வணக்கம். நான் நர்ஸ். பிரிட்டனுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. மதுரையில் எட்டு வருஷம் கார் ஓட்டியிருக்கிறேன், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இங்கே லைசென்ஸ் வாங்கக் கணினியில் எழுதும் தியரி டெஸ்ட்டில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டேன். முதல் தடவை கேள்வி-பதிலில் 41, வீடியோவில் 47. "நிறைய கிளிக் பண்ணு, மார்க் தானா வரும்" என்று தோழி சொன்னதால் இரண்டாவது தடவை அப்படியே செய்தேன். கேள்வி-பதிலில் 46 வந்தது, வீடியோவில் 39தான். நடுவில் ஒரு வீடியோ முடிந்ததும், நான் கிளிக் செய்த விதம் சரியில்லை, இதற்கு மார்க் கிடையாது என்று திரையில் வந்தது. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இரண்டு பகுதியையும் தனித்தனியாகப் பாஸ் செய்தும் ஃபெயில் என்றால் என்ன நியாயம்? ஆப்பில் எழுநூறு கேள்வி மனப்பாடம் செய்தும் முதல் தடவை 41 ஏன்? தமிழில் எழுத வழி உண்டா? இந்திய லைசென்ஸ் இன்னும் இரண்டு மாதம்தான் செல்லும் என்கிறார்கள். அதன் பிறகு என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டலாமா? அவரிடமும் இந்திய லைசென்ஸ்தான் இருக்கிறது.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. சாலை வீடியோவில் ஆபத்து உருவாவதைப் பார்த்ததும் மவுஸை அழுத்துகிற அந்த வீடியோ பகுதியில் பாஸ் மார்க் 44. நீங்கள் வாங்கியது 39. பூஜ்யம் விழுந்த அந்த ஒரு வீடியோவுக்கு அநேகமாக அதிகபட்சம் 5 மார்க். 39உம் 5உம் சேர்ந்தால் சரியாக 44. தோழியின் யோசனை உங்களிடமிருந்து பிடுங்கியது அந்த 5 மார்க்கைத்தான். அதற்குப் பிறகு கை நடுங்கியதில் இன்னும் எத்தனை போனதோ, அது தனிக் கணக்கு. எனவே 'எனக்கு இது வராது' என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டாம்.

முதலில் நியாயம் பற்றிய கேள்வி. ஒரே நாளில், ஒரே அமர்வில், இரண்டு பகுதியையும் பாஸ் செய்தால்தான் பாஸ். பழைய மார்க்கை அடுத்த தடவைக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஒன்றில் தவறினாலும் இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும், 23 பவுண்டையும் மறுபடி கட்ட வேண்டும். எனக்கும் இது கொஞ்சம் கறாராகத்தான் தெரிகிறது. ஆனால் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் காரில் உட்கார்ந்து பார்த்தால் இதன் காரணம் புரிகிறது. சட்டம் தெரிந்தும் சாலையைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், சாலையைப் பார்த்தும் சட்டம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகை ஆட்களோடும் நான் பிரேக்கில் கால் வைத்தபடியே போக வேண்டியிருக்கிறது. 1996 ஜூலைக்கு முன்னால் இங்கே தியரி டெஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை, வண்டி ஓட்டிக் காட்டும்போது தேர்வாளர் வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்பார், அவ்வளவுதான். வீடியோ பகுதி 2002 நவம்பரில் சேர்ந்தது.

அதனால் இதை ஒரே பரீட்சையின் இரண்டு பாகமாக நினைக்காதீர்கள். இரண்டு வேறு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் முறையும் வேறு வேறு.

கேள்வி-பதில் பகுதியில் 50 கேள்விகள், 57 நிமிடம், பாஸ் ஆக 43 சரியாக இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலேயே நேரம் இருக்கிறது. நேரம் போதாமல் ஃபெயில் ஆனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அவசரத்தில் ஃபெயில் ஆனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகமான கேள்விக்குக் கொடி அடையாளம் வைத்துவிட்டு மேலே போகலாம், கடைசியில் திரும்பி வரலாம். ஐம்பதில் மூன்று கேள்விகள் ஒரு சின்ன வீடியோவை வைத்து வரும். 2020 செப்டம்பர் வரை அந்த இடத்தில் ஒரு பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள் இருந்தன. ஆங்கிலம் படிக்கத் திணறுபவர்களுக்கு இந்த மாற்றம் நல்லதுதான். அந்த வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் சொல்லி வருகிறவர்கள் எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எழுநூறு கேள்வி மனப்பாடம் செய்தும் 41 ஏன்? மனப்பாடம் செய்ததால்தான். தேர்வில் வரும் அசல் கேள்விகளை வெளியிடுவதை 2012 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். புத்தகத்திலும் ஆப்பிலும் இருப்பவை அதே மாதிரியான பயிற்சிக் கேள்விகள். விஷயம் ஒன்றுதான், கேட்கும் விதம் மாறும். கேள்வியின் முதல் நாலு வார்த்தையைப் பார்த்ததும் 'ஓ, இது சி' என்று கை போகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் சறுக்கும். பயிற்சிக் கேள்வி நம் அறிவைச் சோதித்துப் பார்க்க உதவும், அறிவை அது தராது. அறிவு ஹைவே கோட் என்ற அரசின் சாலை விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அது அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சாலைக் குறியீடுகளுக்கான புத்தகமும் கார் ஓட்டும் முறை பற்றிய அரசு வழிகாட்டியும் சேர்த்து மொத்தம் மூன்று. கேள்விகள் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

நம்மூரில் வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேள்வியைப் படித்ததும் மனதுக்குள் மதுரை ரோடு ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் 41க்குப் பின்னால் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹெட்லைட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடிக்கிறார் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம்? 'நான் வர்றேன், நீ நில்லு.' இங்கே தெருவில் பார்த்தால் நேர் எதிர். குறுகலான தெருவில் லைட்டை அடித்தால் 'நீங்க வாங்க, நான் நிற்கிறேன்' என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே வந்து பத்து மாதத்தில் உங்களுக்கே அது பழகியிருக்கும். ஆனால் தேர்வில் இரண்டுமே தப்பு. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிப்பதற்கு மட்டும்தான் ஹெட்லைட்டை அடிக்க வேண்டும் என்கிறது ஹைவே கோட். மற்றவர் அடித்தாலும் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், நாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஊர்ப் பழக்கம், இந்த நாட்டுப் பழக்கம், விதி என்று மூன்று இருக்கின்றன. டெஸ்ட் கேட்பது மூன்றாவதை மட்டும்.

ஹாரனும் அப்படித்தான். வீடுகள் இருக்கும் பகுதியில் இரவு 11:30இலிருந்து காலை 7 மணி வரை ஹாரன் அடிக்கக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்தும் அடிக்கக் கூடாது, வேறொரு வண்டியால் ஆபத்து வந்தாலொழிய. மஞ்சள் விளக்கு இன்னொன்று. பச்சைக்குப் பிறகு வரும் மஞ்சளுக்கு இங்கே 'நில்' என்றுதான் பொருள். கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது இப்போது பிரேக் அடித்தால் பின்னால் வருபவர் இடித்துவிடுவார் என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டீர்கள் என்றால் மட்டும் போகலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தாலும் 'நில்'தான், பச்சை வரும்வரை நகரக் கூடாது. மஞ்சளைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கால் நம்முடையது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

குறியீடுகளில் ஒரு கண்ணி இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம், குறுக்குக் கோடு இல்லை. என்ன பொருள்? என்னிடம் வரும் நம்மவர்களில் பாதிப் பேர் 'சைக்கிள் போகலாம்' என்பார்கள். ஏனென்றால் நம் ஊரில் 'கூடாது' என்ற பலகைகளில் குறுக்குக் கோட்டைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே சிவப்பு வளையமே 'கூடாது' என்று சொல்லிவிடும். கோடு சில பலகைகளில்தான் இருக்கும், இடதுபக்கம் திரும்பக் கூடாது என்பது போல. சைக்கிளுக்கான பாதை என்றால் வட்டம் நீலமாக இருக்கும். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல் என்ற மூன்றையும் உறுதியாக வைத்துக்கொண்டால், பார்த்தே இராத பலகைக்குக் கூடப் பாதி பதில் வடிவத்திலேயே கிடைத்துவிடும்.

நிற்கும் தூரத்தைப் பலரும் அட்டவணையாக மனப்பாடம் செய்து தேர்வு அறையில் குழப்பிக்கொள்கிறார்கள். மணிக்கு 30 மைலில் 23 மீட்டர், 50இல் 53 மீட்டர், 70இல் 96 மீட்டர். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, அடிக் கணக்கில். 20 மைலை 2ஆல் பெருக்குங்கள், 40 அடி. 30ஐ இரண்டரையால், 75 அடி. 40ஐ மூன்றால், 120 அடி. இப்படி ஒவ்வொரு பத்துக்கும் அரை அரையாகக் கூட்டிக்கொண்டே போனால் 70ஐ நாலரையால் பெருக்கி 315 அடி வரும். மீட்டரில் வேண்டுமென்றால் மூன்றேகாலால் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும், பதில் நான்கில் ஒன்றை அடையாளம் காண அது போதும். இந்தத் தூரத்துக்குள் இரண்டு பாகம் உண்டு. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் வரை வண்டி ஓடும் தூரம் ஒன்று, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இன்னொன்று. 30 மைலில் முதலாவது 9 மீட்டர், இரண்டாவது 14. கேள்வி மொத்தத்தைக் கேட்கிறதா, பிரேக் தூரத்தை மட்டும் கேட்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி, மழையில் அதைப்போல் இரண்டு மடங்கு, பனிக்கட்டி உறைந்த சாலையில் பத்து மடங்கு வரை.

முதலுதவிக் கேள்விகள் உங்களுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. நர்ஸுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து மொழி. ஒரு காலத்தில் இந்தத் தேர்வைத் தமிழிலேயே கேட்டு எழுதலாம். ஹெட்ஃபோனில் தமிழ்க் குரல் கேள்வியையும் பதில்களையும் வாசிக்கும். மொத்தம் 19 வெளிநாட்டு மொழிகளில் அந்த வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரல் 7இலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போகவும் இப்போது முடியாது. இங்கிலாந்தில் இருப்பவருக்கு ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கிலத்திலேயே குரல் வசதி உண்டு, பதிவு செய்யும்போதே அதைக் கேட்க வேண்டும். நாள் முழுவதும் வார்டில் ஆங்கிலம் கேட்டுப் பழகிய உங்களுக்குப் படிப்பதைவிடக் கேட்பது சுலபமாக இருக்கலாம். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதில் குறைபாடு என்று சான்று உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரமும் தருகிறார்கள், அது வேறு விஷயம், உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் ஆங்கிலம் போதாது என்று நான் நினைக்கவில்லை. சாலை ஆங்கிலம்தான் புதிது. நம்மூரில் மீடியன் என்போம், இங்கே அது சென்ட்ரல் ரிசர்வேஷன். என்னிடம் படித்த ஒருவர் இந்த வார்த்தையைப் பார்த்து ரயில் டிக்கெட் சம்பந்தப்பட்டது என்று நினைத்து அந்தக் கேள்வியையே தாண்டிப் போய்விட்டார். ஹார்ட் ஷோல்டர் என்பது மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் அவசரத்துக்கு நிறுத்தும் பட்டை. ஸ்லிப் ரோடு என்பது மோட்டார்வேயில் ஏறவும் இறங்கவும் உள்ள கிளைச் சாலை. வெர்ஜ் சாலையோரப் புல்தரை. கெர்ப் நடைபாதையின் விளிம்பு. கான்ட்ராஃப்ளோ என்பது வேலை நடக்கும்போது எதிர்த்திசைப் பாதையிலேயே நம்மையும் அனுப்புவது. இப்படி ஒரு முப்பது நாற்பது வார்த்தைதான், ஒரு தாளில் தமிழில் பொருள் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள்.

இன்னும் முக்கியமான வார்த்தைகள் இரண்டு: மஸ்ட், ஷுட். ஹைவே கோடில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, மீறினால் குற்றம். 'ஷுட்' என்றால் அறிவுரை, மீறினால் அதுவே குற்றமாகாது, ஆனால் விபத்து என்று வந்தால் நீதிமன்றத்தில் அதை எடுத்துக்காட்டலாம். ஸீப்ரா கிராஸிங்கில் கால் வைத்துவிட்டவருக்கு வழிவிடுவது மஸ்ட். ஓரத்தில் காத்திருப்பவருக்கு வழிவிடுவது ஷுட். 2022 ஜனவரி 29இல் விதிகள் மாறிய பிறகு, நாம் திரும்பப்போகும் சாலையைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று வந்திருக்கிறது, அதுவும் ஷுட்தான். யாராவது பழைய புத்தகத்தை இரவல் தந்தால் முதலில் வருஷத்தைப் பாருங்கள். 2022க்கு முந்தையது என்றால் இந்த விதி அதில் இருக்காது.

சரி, வீடியோ பகுதிக்கு வருவோம். உங்கள் பிரச்சினை அங்கேதான்.

கேள்வி-பதில் முடிந்ததும் மூன்று நிமிடம் வரை இடைவேளை எடுக்கலாம். எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். பிறகு 14 வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவுக்கு. 2015 ஜனவரியிலிருந்து கணினியில் வரைந்த காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள், படம் தெளிவாக இருக்கும். பதின்மூன்று வீடியோக்களில் உருவாகி வரும் ஆபத்து ஒவ்வொன்று, ஒரே ஒரு வீடியோவில் இரண்டு. ஆக 15 ஆபத்து, தலா 5 மார்க், மொத்தம் 75. பாஸ் மார்க் 44 என்றால் ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 மார்க் கூட வேண்டாம். எல்லாவற்றிலும் 5 வாங்கும் ஆசைதான் கையை ஓயாமல் அழுத்த வைக்கிறது. ஓடிய வீடியோவை மறுபடி பார்க்க முடியாது, இதில் கொடி அடையாளமும் கிடையாது.

இங்கே எல்லாமே 'உருவாகி வரும்' என்ற சொல்லில் இருக்கிறது. உங்களை வேகத்தையோ திசையையோ மாற்ற வைக்கும் விஷயம்தான் உருவாகி வரும் ஆபத்து. ஒரு காட்சியைச் சொல்கிறேன். குடியிருப்புத் தெரு. இடதுபக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. கொஞ்ச தூரத்தில் ஸ்டாப்பில் ஒரு பஸ் நிற்கிறது, ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பத்தாவது நொடி. மதுரையில் ஓட்டிய உங்களுக்கு இப்போதே தெரியும், இந்த பஸ் வெளியே வரும் என்று. கிளிக். ஆனால் மார்க் தரும் நேரம் இன்னும் தொடங்கவில்லை, ஏனென்றால் பஸ் இன்னும் எதுவும் செய்யவில்லை, நிற்கத்தான் செய்கிறது. பதினெட்டாவது நொடியில் வலதுபக்க இண்டிகேட்டர் மின்னுகிறது. இப்போதுதான் ஆபத்து உருவாகத் தொடங்குகிறது, இந்த இடத்தில் அழுத்தினால் 5 அல்லது 4 கிடைக்கும். இருபத்தோராம் நொடியில் சக்கரம் உருள்கிறது, மார்க் இறங்கிக்கொண்டே வருகிறது. பஸ் பாதி சாலைக்கு வந்த பிறகு அழுத்தினால் ஒன்றோ பூஜ்யமோதான். நீங்களோ பத்தாவது நொடியிலேயே அழுத்திவிட்டோம் என்ற திருப்தியில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். முந்திப் பார்த்தவருக்குப் பூஜ்யம், கொஞ்சம் தாமதமாகப் பார்த்தவருக்கு 3. அனுபவசாலிகள் இதில் எரிச்சல் அடைவது நியாயம்தான், ஆனால் விதி இப்படி.

அதற்கு மருந்து தோழி சொன்னது போல நூறு கிளிக் அல்ல. தொடர்ந்து அழுத்தினாலோ, கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில் அழுத்தினாலோ கணினி கண்டுபிடித்து அந்த வீடியோவுக்கு மொத்தமாகப் பூஜ்யம் போட்டுவிடும். நீங்கள் பார்த்த எச்சரிக்கை அதுதான். நம்மூரில் சந்து வந்தாலும், ஆடு வந்தாலும், ஆளே வராவிட்டாலும் ஹாரன் அடிப்போம் இல்லையா? மவுஸை நீங்கள் அந்த ஹாரனாக்கிவிட்டீர்கள்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை மூன்று கிளிக். சந்தேகம் வந்ததும் ஒன்று, அதாவது நிற்கும் பஸ்ஸைப் பார்த்ததும். அது ஏதாவது செய்யத் தொடங்கியதும் ஒன்று, இண்டிகேட்டர் மின்னியதும். 'நானாக இருந்தால் இப்போது பிரேக்கில் கால் வைத்திருப்பேன்' என்று தோன்றும் கணத்தில் ஒன்று. பிறகு கையை எடுத்துவிடுங்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இயல்பாகவே ஒரே மாதிரி இருக்காது, எனவே தாளம் என்று கணினி நினைக்காது. மார்க் தரும் நேரத்துக்குள் விழுந்த கிளிக்குகளில் எதற்கு அதிக மார்க்கோ அதுதான் கணக்கில் சேரும், வெளியே விழுந்தவற்றால் நஷ்டமில்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் திரையின் கீழே ஒரு சிவப்புக் கொடி வரும். அது 'பதிவாகிவிட்டது' என்பதற்கு மட்டும், 'சரி' என்று அர்த்தமில்லை. கொடிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று, ஆபத்து முடிந்ததும் வீடியோ முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டு ஆபத்து வரும் வீடியோ எது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டில் பயிற்சி வீடியோ பாருங்கள், ஆனால் ஒரு வீடியோவை இரண்டு முறைக்கு மேல் பார்க்க வேண்டாம். மூன்றாம் முறை நீங்கள் பார்ப்பது உங்கள் ஞாபகத்தை, சாலையை அல்ல. அதைவிட நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகும் மாடி பஸ்ஸில் மேல்தட்டு முன் சீட்டைப் பிடியுங்கள். இருபது நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள்: வேன் கதவு திறக்கலாம், திறக்கிறது. சைக்கிள்காரர் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார், வலதுபக்கம் ஒதுங்கப்போகிறார். பள்ளிக்கூட வாசல், இரண்டு பிள்ளைகள், ஒன்று ஓடுகிறது. 'லாம்' என்று சொல்லும் இடம் முதல் கிளிக், 'கிறது' என்று சொல்லும் இடம் இரண்டாவது. ஒரு வாரம் செய்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே வந்துவிடும்.

கடைசியாக லைசென்ஸ். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது. இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இங்குள்ளதை மாற்றி வாங்கும் ஏற்பாடும் இல்லை. 12 மாதம் முடிந்த மறுநாள் பழைய பழக்கத்தில் சாவியை எடுத்தீர்கள் என்றால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, இன்ஷூரன்ஸும் கைவிட்டுவிடும். அதன் பிறகு உங்கள் ப்ரொவிஷனல் லைசென்ஸில், அதாவது இங்குள்ள பழகுநர் உரிமத்தில், எல் போர்டு மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், அதுவும் பக்கத்தில் தகுதியுள்ள ஒருவர் இருந்தால். அவருக்கு 21 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடு போன்றவற்றின் முழு லைசென்ஸ் மூன்று வருஷமாகக் கையில் இருக்க வேண்டும். உங்கள் கணவர் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் இந்திய லைசென்ஸோடு அந்த இடத்தில் உட்கார முடியாது. நாளைக்கே அவர் இங்கே டெஸ்ட் பாஸ் செய்தாலும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். வார்டில் கூட வேலை செய்பவர் யாராவது முன்வந்தால், உங்கள் பெயரும் காரின் இன்ஷூரன்ஸில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்குள் தியரியை முடித்துவிட முடியும். ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது, தியரி பாஸ் ஆகாமல் அதைப் பதிவே செய்ய முடியாது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். தியரி பாஸ் சான்று இரண்டு வருஷம் செல்லும், அதற்குள் ஓட்டும் தேர்வில் பாஸ் ஆகாவிட்டால் தியரியை மறுபடி எழுத வேண்டும்.

ஃபெயில் ஆன பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் கழித்துத்தான் அடுத்த தேர்வு. நீங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவை அரசு இணையதளத்தில் நேரடியாகச் செய்யுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதே வேலைக்குக் கூடுதலாகப் பணம் பிடுங்குகின்றன. தேதியை மாற்ற வேண்டி வந்தால் இடையில் மூன்று முழு வேலை நாள் இருக்க வேண்டும், இல்லையென்றால் 23 பவுண்டு போச்சு. ப்ரொவிஷனல் கார்டு கையில் இல்லாமல் போனாலும் அதே கதை, உள்ளே விடமாட்டார்கள். ஃபோன், பை, கைக்கடிகாரம் எல்லாம் லாக்கருக்குள் போக வேண்டும். சட்டைப் பையையும் கைமடிப்பையும் காட்டச் சொல்வார்கள். யூனிஃபார்மில் குத்தியிருக்கும் உங்கள் நர்ஸ் வாட்சையும் கழற்றிவிட வேண்டும், அது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

அப்புறம் ஒன்று. ரோஸ்டரைப் பார்த்துவிட்டுத் தேதியைப் போடுங்கள். இரண்டாவது தடவை நீங்கள் நைட் ஷிஃப்ட் முடித்து நேராகப் போயிருந்தீர்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. இந்த முறை முதல் நாள் இரவு தூங்கிவிட்டுப் போங்கள்.